ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று: ஏன்?

கே, என், ஐ, ஜி, எச், டி. இந்த ஆறு எழுத்துகளையும் சேர்த்து எழுதிவிட்டு ஆங்கிலத்தில் 'நைட்' என்று படிக்கிறார்கள். கவசம் அணிந்து குதிரையில் வரும் போர்வீரன் என்று பொருள். முதலில் நிற்கும் கே ஒலிப்பதே இல்லை. நடுவில் உள்ள ஜி, எச் இரண்டும் தாளில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தக் கே-யை எடுத்துவிட்டால் இரவைக் குறிக்கும் 'நைட்' கிடைக்கும். காதால் மட்டும் கேட்டால் இரண்டையும் பிரித்தறிய வழியே கிடையாது.

தமிழ் வழியாகப் படித்து வந்தவர்களுக்கு இது அநியாயமாகவே தோன்றும். தமிழிலும் ஒரே எழுத்து பல ஒலிகளைத் தருவதுண்டு. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலிக்கிறது. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் முதலில் ஒரு மாதிரி, இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மாதிரி, மெல்லினத்தை அடுத்து ஒரு மாதிரி. யாரும் சொல்லித்தராமலே அது நாக்குக்குத் தெரியும். அதனால் முன்பின் பார்த்திராத தமிழ்ச் சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறோம்.

அதே நம்பிக்கையோடு ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை, கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல்லை 'டெப்ட்' என்று படிக்கிறது. 'சாமன்' என்ற மீனை 'சால்மன்' என்கிறது. வகுப்பே சிரிக்கிறது. அப்படிச் சிரிப்பது தவறு. எழுத்தில் இருப்பதை நம்பிப் படிக்கத்தான் அந்தப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம், அதையே அது செய்தது. கோளாறு பிள்ளையிடம் இல்லை, ஆங்கில எழுத்து நடந்து வந்த பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், மனம்போன போக்கில் எழுதியதாகத் தோன்றும் பல சொற்களுக்குக் காரணம் புரிந்துவிடும். (ஆங்கில ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் காட்ட முடியும். சரியான ஒலியைக் காதால் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஒரு காலத்தில் எல்லாம் ஒலித்தன

ரோமிலிருந்து அனுப்பப்பட்ட அகஸ்டின் என்ற துறவி 597-இல் இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அவரைப் போன்ற கிறித்தவத் துறவிகளின் வழியாகத்தான் லத்தீன் எழுத்தில் ஆங்கிலத்தை எழுதும் வழக்கம் அங்கே பரவியது. லத்தீன் மொழிக்கென்று அமைந்த எழுத்துகள் அவை. ஆங்கிலத்தின் ஒலிகளுக்கு அவை போதவில்லை, இன்றும் போதுவதில்லை. பிரிட்டனின் பொது உச்சரிப்பில் ஏறத்தாழ 44 ஒலிகள் உண்டு என்பது வழக்கமான கணக்கு. எழுத்துகளோ 26. உயிரொலிகள் மட்டுமே 20 வரை வரும். அவ்வளவையும் ஐந்து உயிரெழுத்துகளையும் துணைக்கு ஒய்-யையும் வைத்துச் சமாளிக்க வேண்டும். அதனால்தான் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஓர் ஒலியைக் குறிப்பதும், ஒரே எழுத்தை நான்கு ஒலிகளுக்குப் பயன்படுத்துவதும்.

இவ்வளவு குறை இருந்தும், பழைய ஆங்கிலத்தை எழுதியவர்கள் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்கள். போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' அப்போது 'க்னிஹ்ட்'. சி, என், ஐ, எச், டி என ஐந்து எழுத்துகள் எழுதி, ஐந்தையும் ஒலித்தார்கள். அதன் உடன்பிறப்பான 'க்னெஹ்ட்' என்ற ஜெர்மன் சொல் இன்றும் ககரத்தோடுதான் ஒலிக்கிறது. முழங்காலைக் குறிக்கும் 'நீ', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', அறிதலைக் குறிக்கும் 'நோ' எல்லாவற்றிலும் அந்தக் கே ஒருநாள் உயிரோடு இருந்தது. எழுதுதலைக் குறிக்கும் 'ரைட்'டின் முதலில் நிற்கும் டபிள்யூவும் அப்படியே. இந்தக் ககர ஒலி 1700 வாக்கில் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

இது நமக்கு அந்நியமான சங்கதியே இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் 'மரம்', 'மறம்' இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். நகரமும் னகரமும் பெரும்பாலோர் வாயில் ஒன்றாகிவிட்டன. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்பவர்கள் ஏராளம். ஆனாலும் எழுதும்போது ர, ற, ந, ன, ள, ழ என்று பிரித்தே எழுதுகிறோம், தவறினால் ஆசிரியர் சுழித்துவிடுகிறார். 'வர்றேன்' என்று சொல்லிவிட்டு 'வருகிறேன்' என்று எழுதுகிறோம். பேச்சு நகர்ந்துவிட்டது, எழுத்து பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலும் நடந்தது இதுதான். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாம் 'வருகிறேன்' என்று எழுதியிருப்பதை வாசிக்கும்போது எழுத்தின்படியே வாசிக்கிறோம். ஆங்கிலேயர்கள் பழைய ஸ்பெல்லிங்கைப் பார்த்துக்கொண்டே புதிய பேச்சை வாசிக்கிறார்கள்.

எழுதியவர்கள் மாறினார்கள்

1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறியது. காலப்போக்கில் ஆங்கிலத்தை எழுதிய எழுத்தர்களும் பிரெஞ்சு எழுத்துப் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். அரசியைக் குறிக்கும் 'குவீன்' அதுவரை சி, டபிள்யூ என்று தொடங்கியது. அவர்கள் கையில் அது க்யூ, யு ஆனது. வீட்டுக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'ஹூஸ்'. அந்த 'ஊ' ஒலியைப் பிரெஞ்சு முறையில் ஓ, யு என்று எழுதினார்கள். இன்று நாம் 'ஹவுஸ்' என்று எழுதுவது அந்த எழுத்தர்கள் விட்டுப்போன ஸ்பெல்லிங்தான்.

'லவ்', 'கம்', மகனைக் குறிக்கும் 'சன்', துறவியைக் குறிக்கும் 'மங்க்' ஆகியவற்றில் ஏன் ஓ எழுத வேண்டும்? இதற்கு அறிஞர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அக்காலத்துக் கையெழுத்தில் ஐ, யு, என், எம் எல்லாமே நின்ற வாக்கில் போடும் குட்டைக் கோடுகள்தான். ஐ-க்கு ஒன்று, யு-வுக்கும் என்-க்கும் இரண்டு, எம்-க்கு மூன்று. யு-வை அடுத்து எம் வந்தால் ஐந்து கோடுகள் வரிசையாக நிற்கும். எது எங்கே முடிகிறது என்று படிப்பவருக்குத் தெரியாது. அதனால் யு இருந்த இடத்தில் வட்டமான ஓ-வைப் போட்டார்கள். படிப்பவரின் கண்ணுக்காகச் செய்த உதவி, பின்னால் வந்தவர்களின் காதுக்குக் குழப்பமானது.

ஊருக்கு ஊர் பேச்சு வேறுபட்டதும் இதில் சேர்ந்துகொண்டது. 'பிஸி', புதைத்தலைக் குறிக்கும் 'பெரி' இரண்டையும் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் முதல் உயிரெழுத்து யு. ஒன்றில் அது 'இ', மற்றொன்றில் 'எ'. பழைய ஆங்கிலத்தில் இரண்டிலும் ஒரே உயிரொலிதான் இருந்தது. அது மேற்கே உகரச் சாயலோடும், கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் 'இ' என்றும், கென்ட்டில் 'எ' என்றும் மாறியது. லண்டன் எல்லோரும் வந்து கூடும் இடம். 'பிஸி'க்கு ஸ்பெல்லிங் மேற்கிலிருந்தும் ஒலி கிழக்கு மிட்லண்ட்ஸிலிருந்தும் வந்தன. 'பெரி'க்கு ஸ்பெல்லிங் மேற்கிலிருந்தும் ஒலி கென்ட்டிலிருந்தும் வந்தன. ஒரே சொல்லுக்குக் கண் ஓர் ஊர், காது ஓர் ஊர்.

அச்சு வந்தது, உயிரொலிகள் நகர்ந்தன

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சகம் அதுவே. அவர் பல ஆண்டுகள், ஃப்ளெமிஷ் மொழி பேசும் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் (இன்றைய பெல்ஜியம்) வாழ்ந்தவர். பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்ற சொல்லில் ஜி-யை அடுத்து எச் நுழைந்தது அந்த ஃப்ளெமிஷ் பழக்கத்தால்தான் என்று கருதப்படுகிறது. அச்சு வந்தபின் ஒருவர் விருப்பத்துக்கு ஒரு ஸ்பெல்லிங் என்ற நிலை மெல்ல மெல்லக் குறைந்தது. சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755-இல் வெளிவந்தபோது பெரும்பாலான சொற்களின் எழுத்து ஏற்கெனவே உறைந்துவிட்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், எழுத்து உறைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் பேச்சு மிக வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாமே இடம்பெயர்ந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்கு 'கிரேட் வவல் ஷிஃப்ட்' என்று பெயர் வைத்தார். பெரும் உயிரொலிப் பெயர்ச்சி என்று சொல்லலாம். அதற்கு முன்பு பெயரைக் குறிக்கும் 'நேம்', 'நாம' என்று ஒலித்தது. 'டைம்' அப்போது 'டீம'. 'ஃபீட்' என்பது 'ஃபேட்'. 'மூன்' என்பது 'மோன்'. 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்'. நாக்கு வாயில் மேலே மேலே ஏற, 'ஆ' 'ஏ'யாகவும், 'ஏ' 'ஈ'யாகவும், 'ஓ' 'ஊ'வாகவும் ஆயின. ஏற்கெனவே உச்சியில் இருந்த 'ஈ'யும் 'ஊ'வும் இனி ஏற இடமின்றி 'ஐ', 'அவ்' என்று பிளந்தன.

நம் பிள்ளைகள் அரிச்சுவடியில் படிக்கும் முதல் எழுத்தின் பெயரிலேயே இது இருக்கிறது. இத்தாலியர்களும் ஸ்பானியர்களும் அதை 'ஆ' என்பார்கள், ஆங்கிலேயர்கள் 'ஏ' என்பார்கள். மற்றவர்கள் 'ஏ' என்று அழைக்கும் எழுத்து இவர்களுக்கு 'ஈ'. மற்றவர்களின் 'ஈ' இவர்களுக்கு 'ஐ'. ஐரோப்பாவில் மற்ற மொழிகள் அந்த எழுத்துகளைப் பழைய இடத்திலேயே வைத்திருக்க, ஆங்கிலம் மட்டும் நகர்ந்துபோய்விட்டது.

பள்ளியில் சொல்லித்தரும் 'மேஜிக் ஈ' விதிக்கும் வேர் இங்கேதான். 'கிட்' என்ற சொல்லோடு கடைசியில் ஒரு ஈ சேர்த்தால் 'கைட்', அதாவது காற்றாடி. 'பின்' என்பதோடு சேர்த்தால் 'பைன்'. இது போன்ற பல சொற்களில் கடைசி ஈ ஒருகாலத்தில் 'நாம', 'டீம' என்று லேசாக ஒலித்தது. அது ஒலித்ததால் முந்தைய உயிர் நெடிலாக இருந்தது. பிறகு ஈ ஒலி இழந்தது, நெடில் மட்டும் இடம்பெயர்ந்து இன்றைய ஒலிக்கு வந்தது. ஒலிக்காத அந்த ஈ தன் முன்னே உள்ள உயிரைப் பற்றிய குறிப்பாக நிற்கிறது. அதை வீண் எழுத்து என்று சொல்ல மாட்டேன்.

ஓ, யு, ஜி, எச் நான்கும் சேர்ந்து வருவதுதான் எல்லோரையும் அழவைக்கும் கூட்டணி. 'தோ' என்றால் ஆயினும். 'த்ரூ' என்றால் ஊடாக. 'டஃப்' என்றால் கடினம். 'காஃப்' என்றால் இருமல். 'பவ்' என்றால் மரக்கிளை. நான்கு எழுத்து, ஐந்து ஒலி. இந்த ஜி-எச் ஒருகாலத்தில் தொண்டையிலிருந்து வந்த கரகரத்த ஹகர ஒலி. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியை 'லோஹ்' என்று சொல்லும்போது கடைசியில் அந்த ஒலியை இன்றும் கேட்கலாம். மற்ற இடங்களில் அது சில சொற்களில் அடியோடு மறைந்தது, சிலவற்றில் உதட்டுக்கு வந்து 'ஃப்' ஆனது. அதற்கு முன் நின்ற உயிரும் சொல்லுக்குச் சொல் வேறு திசையில் போனது. இதற்கு விதி தேட வேண்டாம். விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான், கேட்டுப் பழகுவதே வழி.

வலிந்து நுழைத்த எழுத்துகள்

இதுவரை சொன்னவை தானாக நடந்தவை. 'டெட்' அப்படி இல்லை. அது பிரெஞ்சிலிருந்து வந்தபோது, ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தான பி அதில் கிடையாது. எழுதியதும் ஒலித்ததும் ஒன்றாகவே இருந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீன் கற்றவர்கள், இதன் மூலச்சொல் 'டெபிட்டும்' என்பதைக் காட்டுவதற்காக அந்தப் பி-யை எழுத்தில் மட்டும் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்'டுக்கும் அதே கதி. 'ரிசீட்'டில் ஒலிக்காத பகரம் வந்ததும், மீனுக்கு எல் வந்ததும் இப்படித்தான். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்'டில் உள்ள எஸ் இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலச் சொல், அதில் எஸ் இருந்ததே இல்லை. லத்தீன் 'இன்சுலா'வின் வழிவந்த வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு எஸ்-ஐச் சேர்த்துவிட்டார்கள். சிலர் தம் படிப்பைக் காட்ட விரும்பியதன் சுமையை 400 ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் பிள்ளைகள் சுமக்கிறார்கள். ஆங்கில ஸ்பெல்லிங்கில் எனக்கு மனமே ஆறாத பகுதி இதுதான்.

இராணுவப் பதவியான 'கர்னல்' இன்னொரு வகை. நடுவில் எல் எழுதுகிறார்கள், ரகரம் ஒலிக்கிறார்கள். இத்தாலியில் எல் ஒலியோடு பிறந்த சொல் பிரெஞ்சில் ரகரமாக மாறியது. ஆங்கிலத்தில் இரண்டு வடிவமும் கொஞ்ச காலம் புழங்கின. கடைசியில் எழுத்தில் எல் வென்றது, வாயில் ரகரம் வென்றது. நம் செய்தித்தாள்கள் காதால் கேட்டதை எழுதியதால் 'கர்னல்' என்று சரியாகவே போடுகின்றன.

பிற மொழியிலிருந்து ஒரு சொல் காது வழியாக வந்ததா, கண் வழியாக வந்ததா என்பதும் முக்கியம். நம் 'கட்டுமரம்' கடலோரத்தில் கேட்டு எடுத்துப்போன சொல். அதனால் ஆங்கிலத்தில் அதை எழுதியபடியே படித்துவிடலாம். 'சைக்காலஜி', 'நிமோனியா' போன்றவை புத்தகம் வழியாகக் கிரேக்க எழுத்தைச் சுமந்து வந்தவை. அதனால் அவற்றின் முதலில் பி ('பென்' என்ற சொல்லில் வரும் பி) ஒலிக்காமல் நிற்கிறது. 'பாலே' நடனம் பிரெஞ்சு ஸ்பெல்லிங்கோடும் பிரெஞ்சு ஒலியோடும் வந்தது, கடைசி எழுத்து டகரமாக ஒலிக்காததற்கு அதுவே காரணம்.

ஒலிக்காத எழுத்து சொல்லும் உறவு

ஒலிக்காத எழுத்துகளில் பல, சொற்களின் உறவைக் காட்டுகின்றன. கற்பவர்களுக்கு இது பெரிய உதவி. 'சைன்' என்ற சொல்லில் ஜி ஒலிக்காது. 'சிக்னேச்சர்' என்று நீட்டினால் அதே ஜி ஒலிக்கும். இலையுதிர் காலமான 'ஆட்டம்' என்பதன் கடைசி என் ஊமை. 'ஆட்டம்னல்' என்றால் அது பேசும். தசையைக் குறிக்கும் 'மஸில்' என்ற சொல்லின் சி, 'மஸ்குலர்' என்பதில் ககரமாக வெளிப்படும். இரண்டைக் குறிக்கும் 'டூ'வில் டபிள்யூ எதற்கு என்று குழம்புகிறவர்கள் 'ட்வின்', 'ட்வெல்வ்', 'ட்வென்டி' மூன்றையும் சொல்லிப் பாருங்கள். எல்லாமே இரண்டோடு தொடர்புள்ளவை, எல்லாவற்றிலும் டபிள்யூ ஒலிக்கிறது. இறந்தகாலத்தைக் காட்டும் ஈ-டி விகுதியும் அப்படியே. 'வாக்ட்' என்பதில் வல்லொலி, 'கால்ட்' என்பதில் மெலிந்த ஒலி, 'வான்டட்' என்பதில் தனி அசை. ஒலி மூன்று, பொருள் ஒன்று. எழுத்து பொருளைப் பின்பற்றுகிறது.

எழுத்தைத் திருத்தப் பலர் முயன்றதுண்டு. அமெரிக்காவில் அகராதி எழுதிய நோவா வெப்ஸ்டர் செய்த மாற்றங்களில் 'கலர்' என்ற சொல்லில் யு-வை நீக்கியது போன்றவை நிலைத்தன. நாக்கைக் குறிக்கும் 'டங்' என்ற சொல்லை ஒலிப்படி எழுதச் சொன்னது நிலைக்கவில்லை. 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய ஸ்பெல்லிங்கில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நாடாளுமன்றத்தின் எதிர்ப்பால் பின்வாங்க நேர்ந்தது. யாருடைய உச்சரிப்பின்படி திருத்துவது என்ற கேள்விக்கு விடை கிடையாது என்பது ஒரு காரணம். லண்டனில் 'கார்' என்ற சொல்லின் கடைசி ரகரம் ஒலிக்காது, ஸ்காட்லாந்தில் நன்றாக ஒலிக்கும். ஒலிப்படி எழுதினால் 'சைன்'னுக்கும் 'சிக்னேச்சரு'க்கும் உள்ள உறவும் அறுந்துவிடும்.

ஜி, எச், ஓ, டி, ஐ என்று எழுதி அதை 'ஃபிஷ்' என்று படிக்கலாமே என்ற வேடிக்கையைக் கேட்டிருப்பீர்கள். 'இனஃப்' என்பதில் ஜி-எச் 'ஃப்', 'விமன்' என்பதில் ஓ 'இ', 'நேஷன்' என்பதில் டி-ஐ 'ஷ்' என்பது வாதம். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னதாகப் பரவியிருந்தாலும், ஷா பிறப்பதற்கு முன்பே 1855-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் அது இருக்கிறது. வாதமும் தவறு. ஜி-எச் சொல்லின் முதலில் வரும்போது ஒருபோதும் 'ஃப்' ஆகாது. டி-ஐ சொல்லின் கடைசியில் நின்று 'ஷ்' ஆகாது. எழுத்து நிற்கும் இடத்தைப் பார்த்தால் ஆங்கிலத்திலும் நிறைய ஒழுங்கு தென்படும்.

கற்கத் தொடங்குபவர்கள் அந்த ஒழுங்குகளைப் பிடித்துக்கொள்ளலாம். சொல்லின் முதலில் கே-என் வந்தால் கே ஒலிக்காது, டபிள்யூ-ஆர் வந்தால் டபிள்யூ ஒலிக்காது. சொல்லின் கடைசியில் எம்-ஐ அடுத்து இரண்டாம் எழுத்தான பி வந்தால் அதை விட்டுவிடுங்கள்: 'லேம்', 'தம்', 'கோம்', 'பாம்'. அதனால்தான் சீப்பு 'கோம்ப்' ஆகாது. 'வாக்', 'டாக்', 'ஹாஃப்', 'காம்' போன்றவற்றில் எல் ஒலிக்காது. 'லிஸன்', 'காஸில்', 'விஸில்' போன்றவற்றில் எஸ்-ஐ அடுத்த டி ஒலிக்காது.

ஸ்பெல்லிங்கைவிட நம்மவர்களை அதிகம் தடுமாறவைப்பது அழுத்தம். தமிழில் ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரிய முழு மதிப்பைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசைதான் ஓங்கும், மற்றவை தேய்ந்து 'அ' போன்ற ஒரு மங்கலான ஒலியாகிவிடும். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று ஓர் எழுத்துக்கூட இல்லை. 'டாக்டர்', 'டீச்சர்', 'அபவுட்' மூன்றிலும் மூன்று வேறு எழுத்துகள் அந்த ஒரே ஒலியைத் தருகின்றன. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்குகிறது. 'ஃபடாக்ரஃபி' என்னும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போக, முதல் அசை தேய்கிறது. ஆகவே ஒரு புதிய சொல்லைக் கற்கும்போது அதன் ஸ்பெல்லிங்கோடு அழுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் உள்ள அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லைக் கேட்கலாம். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு எழுத்தைப் பார்ப்பது நல்லது. கண் முந்திக்கொண்டால் காது ஏமாந்துவிடும்.

ஊர்ப் பெயர்களில் விதியை நம்பவே வேண்டாம். 'லெஸ்டர்', 'வூஸ்டர்', 'கிரெனிச்' எல்லாம் எழுத்தில் மிக நீளமாக இருப்பவை. அங்கே வாழ்பவர்கள் சொல்வதே சரி.

உச்சரிப்பு இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, சில இடங்களில் எழுத்தே அதை இழுத்துக்கொண்டு போகிறது. அடிக்கடி என்ற பொருள் தரும் 'ஆஃபன்' என்ற சொல்லில் டி நெடுங்காலம் ஒலிக்காமல் இருந்தது. படிப்பறிவு பரவிய பிறகு, எழுத்தைப் பார்த்துப் பலர் 'ஆஃப்டன்' என்று சொல்லத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று இரண்டையும் கேட்கலாம், அகராதிகளும் இரண்டையும் ஏற்கின்றன. அதை எழுத்துக்கூட்டி 'ஆஃப்டன்' என்று படிக்கும் பிள்ளையை யாரும் திருத்த வேண்டியதில்லை.